பக்கத்து வீட்டு நாய் அம்மாவைக் கடித்துவிட்டது: 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடலாமா?

மேல்மாடி மகள்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் 24 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி எங்களுடையது. முந்தாநாள் சாயங்காலம் கீழே காய்கறி வண்டி வந்த சத்தம் கேட்டு அம்மா படியிறங்கிப் போனார், வயது 61. அதே நேரத்தில் இரண்டாவது மாடி வீட்டுப் பையன் அவர்களுடைய ஜெர்மன் ஷெப்பர்டை வாக்கிங் கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறான். ஆறாம் வகுப்புப் பையன், நாய் அவனை விடக் கனமாக இருக்கும். கதவு திறந்ததும் ஒரே பாய்ச்சல், செயின் அவன் கையை விட்டுப் போய்விட்டது. அம்மாவின் வலது கெண்டைக்காலில் நான்கு பல் ஆழமாக இறங்கி, ஓரிடத்தில் சதையே கிழிந்துவிட்டது. பையன்தான் அழுதுகொண்டே செயினைப் பிடித்து இழுத்திருக்கிறான்.

பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்கு ஓடினோம். கழுவி, இரண்டு தையல் போட்டு, டிடி ஊசி, நாய்க்கடி ஊசி ஒன்று என்று முடித்து அனுப்பினார்கள். பில் 3,400 ரூபாய். அன்றைக்கு ராத்திரி நாய்க்காரர் வந்தார். "எங்கள் நாய்க்கு எல்லா ஊசியும் போட்டிருக்கிறோம், நீங்கள் பயப்படவே வேண்டாம்" என்று சொல்லி 2,000 ரூபாயை மேசையில் வைத்தார். கூடவே ஒரு வெள்ளைத் தாள். "இது சம்பந்தமாக இனி எந்தப் புகாரும் செய்ய மாட்டேன்" என்று முன்கூட்டியே எழுதிக் கொண்டுவந்திருந்தார். அம்மா பேனாவைக் கையில் எடுத்தேவிட்டார், நான்தான் நாளைக்குப் பார்க்கலாம் என்று தடுத்தேன்.

அம்மா வீட்டில் ஜாக்கெட் தைக்கிறார், காலால் மிதிக்கும் பழைய மெஷின். கடிபட்டது மிதிக்கிற கால். பொங்கலுக்கு ஒத்துக்கொண்ட 17 ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இந்த நாய் தீபாவளி சமயத்தில் பேப்பர் போடும் தம்பியையும் துரத்தியது, அதைப் பற்றி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார். அசோசியேஷன் செயலாளரோ "ஒரே பில்டிங்கில் இருக்கிறவர்கள், போலீஸ் கீலீஸ் என்று போகாதீர்கள்" என்கிறார். அம்மாவும் போலீஸ் வேண்டாம் என்கிறார், அந்தப் பையன் மேல் கேஸ் வந்துவிடும் என்று பயம். எனக்கு மனசு ஆறவில்லை. சட்டப்படி என்ன செய்யலாம், எவ்வளவு கேட்கலாம்?

சும்மா ஒருவன்:

பல் ஒன்றுக்கு 10,000 ரூபாய் என்று கோர்ட்டே சொல்லியிருக்கிறது. நாலு பல், 40,000. கிழிந்த சதைக்குத் தனி. எடு என்று கேளுங்கள். தரவில்லையென்றால் நாய்க்கு வேறு வைத்தியம் இருக்கிறது, பிஸ்கட்டில் கலந்து வைத்தால் முடிந்தது.

வார்டு அக்கா:

சட்டம் அப்புறம் பேசலாம், முதலில் ஒரு கேள்வி. இம்யூனோகுளோபுலின் போட்டார்களா? நீங்கள் எழுதியதில் அதைக் காணோம். நான் அரசு மருத்துவமனையில் செவிலியர், அவசரப் பிரிவில் பல வருடம் இருந்தவள். ரத்தம் வரும்படி பல் இறங்கியிருந்தால் அது மூன்றாம் வகைக் கடி. அதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது. ஊசி வேலை செய்ய உடம்புக்குச் சில நாள் பிடிக்கும், அந்த இடைவெளியைக் காப்பதற்குத்தான் காயத்துக்குள்ளேயும் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் போடுவது. தையல் போடுவதற்கு முன்னாலேயே போட்டிருக்க வேண்டியது. இன்னும் நேரம் இருக்கிறது, முதல் ஊசி போட்ட நாளிலிருந்து ஏழு நாளுக்குள் போடலாம். அதற்காக ஏழாம் நாள் வரை உட்கார்ந்திருக்காதீர்கள், இதைப் படித்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெரிய அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கிளினிக் சீட்டு கட்டாயம் கையில் இருக்கட்டும். அங்கே இதற்குக் காசு கிடையாது.

"எங்கள் நாய் ஊசி போட்ட நாய்" என்று யார் சொன்னாலும் உங்கள் ஊசியை நிறுத்தக் கூடாது. தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்கள், தோலுக்குள் போட்டால் 0, 3, 7, 28. 0 என்பது முதல் ஊசி போட்ட நாள். எந்த முறை என்று அவர்களே எழுதித் தருவார்கள். நாய் பத்து நாள் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதும் உண்மைதான். ஆனால் அது டாக்டர் முடிவெடுக்க, நாம் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட இல்லை. நாய்க்காரரிடம் தடுப்பூசிச் சீட்டைக் கேட்டு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாய் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும், ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்று சொல்ல விடாதீர்கள்.

இன்னொன்று, டியூட்டி டாக்டரிடம் இன்னார் வீட்டு வளர்ப்பு நாய் கடித்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள், விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். நாங்கள் ஏ.ஆர். என்போம். நாளைக்கு வக்கீல் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதுவும் வைக்கவில்லையே? இன்னும் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறேன். கடித்த நிமிடமே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவதுதான் முதல் வைத்தியம்.

மேல்மாடி மகள்:

அக்கா, கை நடுங்குகிறது. போடவில்லை. கிளம்புகிறோம்.

கோர்ட் வாசல்:

வார்டு அக்கா சொன்னதை முடித்துவிட்டு வந்து நிதானமாக இதைப் படியுங்கள். நான் வக்கீல்தான், ஆனால் உங்கள் வக்கீல் இல்லை, காகிதங்களைப் பார்க்காமல் பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

முதலில் அந்த வெள்ளைத் தாள். கையெழுத்துப் போடாதீர்கள். பணத்தையும் திருப்பிக் கொடுங்கள், அல்லது "மருத்துவச் செலவுக்கு முன்பணமாக 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டேன்" என்று நீங்களே வாட்ஸ்அப்பில் அவருக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள். காயம் ஆறுவதற்கு முன்பே செலவு இவ்வளவுதான் என்று யாருக்குத் தெரியும்? கடித்தவுடன் இவ்வளவு வேகமாகத் தாள் எழுதிக்கொண்டு வருகிறார் என்றால், அவருக்கே தன் பக்கம் தப்பு இருப்பது தெரிந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுத் தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 291-ஆவது பிரிவு, தன் வசம் இருக்கும் விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில் போதிய முன்னெச்சரிக்கை எடுக்காமல் இருப்பதைக் குற்றம் என்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதுவே 289, அபராதம் வெறும் 1,000 ரூபாய். போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போடக்கூடிய குற்றம்தான், ஜாமீனில் வரக்கூடியது. கவனக்குறைவால் காயம் ஏற்படுத்தியதற்கு 125-ஆவது பிரிவையும் சேர்ப்பதுண்டு.

"தன் வசம்" என்ற சொல்லைப் பாருங்கள். அம்மாவின் பயத்துக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. புகாரைப் பையன் மேல் எழுதப்போவதில்லை. அடங்காத பெரிய நாயை ஒரு சின்னப் பையன் கையில் கொடுத்து, வாய்மூடியும் போடாமல், பொதுப் படிக்கட்டுக்கு அனுப்பிய பெரியவர் மேல்தான் எழுதப்போகிறீர்கள். சொல்லப்போனால் உங்கள் வழக்கின் பலமே அந்த இடம்தான். பேப்பர் தம்பியைத் துரத்தியது பற்றிய வாட்ஸ்அப் செய்தியும் அதே அளவுக்கு முக்கியம், நாயின் குணம் அவருக்கு முன்பே தெரியும் என்பதற்கு அதுதான் சாட்சி. அதைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், குழுவில் யாராவது அழித்துவிடுவார்கள். படிக்கட்டில் சிசிடிவி இருந்தால் இன்றைக்கே செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பல கேமராக்களில் பழைய பதிவு மேல் புதியது ஏறிவிடும்.

புகாரை எழுதி ஸ்டேஷனில் கொடுத்தால் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி. அதை வாங்காமல் வெளியே வராதீர்கள். "ராஜியாகப் போய்விடுங்கள் அம்மா" என்று ஸ்டேஷன் ரைட்டரே (எழுத்தர்) சொல்லலாம், சொன்னால் கோபப்பட வேண்டாம், பல நேரம் அந்த மேசையிலேயே நியாயமான தொகை முடிந்துவிடும். புகாரே வாங்க மாட்டேன் என்றால் பதிவுத் தபாலில் துணை ஆணையருக்கு அனுப்புங்கள், அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். இந்த அளவு தண்டனை உள்ள குற்றத்தை ஒரு வருடத்துக்குள் நீதிமன்றம் கையில் எடுக்க வேண்டும், அதனால் "பொங்கல் முடியட்டும், ஆடி முடியட்டும்" என்று தள்ளிக்கொண்டே போகக் கூடாது.

இப்போது பணம். கிரிமினல் வழக்கில் அவர் கட்டும் அபராதம் அரசாங்கத்துக்குப் போகும், அதிலிருந்து உங்களுக்குக் கொடு என்று நீதிமன்றம் தனியாகச் சொன்னால்தான் உங்கள் கைக்கு வரும். இழப்பீடு வேண்டுமென்றால் வக்கீல் நோட்டீஸ், அதற்கு மசியாவிட்டால் சிவில் வழக்கு. பொதுவாக மூன்று வருடம் வரை காலம் உண்டு. கோர்ட் கட்டணம் தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம். 2017-க்கு முன் ஏழரை சதவீதமாக இருந்தது. ஒரு லட்சம் கேட்டால் 3,000 ரூபாய். எதைக் கேட்கலாம்? மருத்துவச் செலவு, ஆட்டோ, கட்டு மாற்றும் செலவு, வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை, இதெல்லாம் எல்லோரும் கேட்பது. உங்களுக்கு விசேஷமாக இருப்பது அந்த 17 ஜாக்கெட். அம்மா ஆர்டர் எழுதும் நோட்டு இருக்கிறதா? யார் யாருக்கு எவ்வளவு கூலி, எந்தத் தேதி திருப்பிக் கொடுத்தது என்று அதிலேயே குறித்து வைக்கச் சொல்லுங்கள். அளவு கொடுத்த இரண்டு பேர் ஒரு வரி எழுதிக் கொடுத்தாலும் நல்லது. வீட்டில் இருக்கும் பெண்களுக்கு வருமானம் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடுவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன், அந்த நோட்டு அவர்கள் வாயை அடைக்கும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். வழக்குப் போடாமலே இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசவைக்கவும் அங்கே மனுக் கொடுக்கலாம். அம்மா மாதிரி கோர்ட் படி ஏறக் கூசுகிறவர்களுக்கு அதுதான் பொருத்தம்.

சும்மா ஒருவன் அவர்களுக்கு: பல்லுக்கு 10,000 என்றது பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம், 2023 நவம்பரில். சதை பெயர்ந்தால் 0.2 சென்டிமீட்டருக்கு 20,000 ரூபாய். தெருவில் திரியும் விலங்குகளால் காயம்பட்டவர்களுக்கு பஞ்சாப், ஹரியானா, சண்டிகர் நிர்வாகங்கள் கொடுக்க வேண்டியதற்குப் போட்ட கணக்கு அது. இங்கே ஸ்கேலை வைத்து அளந்து கேட்டால் சிரிப்பார்கள். நோட்டீஸில் அந்தத் தீர்ப்பை ஒரு ஒப்பீட்டுக்குக் குறிப்பிடலாம், அவ்வளவுதான். பிஸ்கட் விஷயம்: விலங்கைக் கொல்வதும் ஊனப்படுத்துவதும் அதே நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை. கடித்த நாய்க்காரருக்கு ஆறு மாதம், விஷம் வைத்த உங்களுக்கு ஐந்து வருடம்.

ரெண்டு நாய் ஒரு பூனை:

நானும் நாய் வளர்க்கிறவன்தான், ஆனால் இந்த விஷயத்தில் அவருக்காகப் பேச வரவில்லை. ஜெர்மன் ஷெப்பர்டைப் பையன் கையில் கொடுத்து அனுப்பியது பெரிய தப்பு. நாயைச் சொல்லிக் குற்றமில்லை.

நீங்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், வருடத்துக்கு 50 ரூபாய்தான். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் குதறிய பிறகுதான் ஊர் முழுக்க உரிமம் எடுக்க ஓடினார்கள். இப்போது மைக்ரோசிப்பும் (நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) வேண்டும், உரிமம் இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம், வெளியே கூட்டிப்போனால் செயினும் வாய்மூடியும் வேண்டும். பிட்புல், ராட்வீலர் இரண்டுக்கும் 2025 டிசம்பர் 20 முதல் புது உரிமமே கிடையாது. அவரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்குப் புகார் போதும். உரிமம் எடுக்க வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும், அதனால் "எல்லா ஊசியும் போட்டிருக்கிறோம்" என்பது எவ்வளவு நிஜம் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரே ஒரு வேண்டுகோள். கோபத்தில் அசோசியேஷன் கூட்டம் போட்டு "இந்த பில்டிங்கில் இனி நாயே கூடாது" என்று தீர்மானம் போட வைக்காதீர்கள். அப்படித் தடை போட அசோசியேஷனுக்கு அதிகாரம் இல்லை, அதை வைத்து அவர் உங்கள் மேலேயே பாய்வார், பேச்சு அம்மாவின் காலை விட்டு வேறெங்கோ போய்விடும்.

டெலிவரி தம்பி:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னைப் போன மாதம் ராத்திரி 11 மணிக்கு ஆர்டர் கொடுக்கப் போன தெருவில் தெரு நாய் கடித்தது. மூன்று நாள் வண்டி ஓட்ட முடியவில்லை. எனக்கு யார் மேல் கேஸ் போடுவது? நாய்க்குத்தான் ஓனரே இல்லையே.

கோர்ட் வாசல்:

தம்பி, உங்கள் ஊசி எல்லாம் முடிந்ததா, அதை முதலில் சொல்லுங்கள். தெரு நாய் என்றால் பொறுப்பு உள்ளாட்சி அமைப்பைச் சேர்ந்தது. 2023-ஆம் வருட விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்டில் டெல்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் முதலில் எல்லாவற்றையும் காப்பகத்தில் அடை என்றது, பதினோரு நாளில் அதை மாற்றி, வெறி பிடித்ததையும் ஆக்ரோஷமானதையும் மட்டும் திருப்பி விடாதே என்றது. நவம்பர் 7-இல் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடித்ததை அங்கேயே கொண்டுவந்து விடக் கூடாது என்றும் சொன்னது. இழப்பீட்டுக்கு முதலில் மாநகராட்சிக்கு எழுத்தில் மனு, பதில் இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அரசு அமைப்புக்கு உத்தரவிடக் கேட்கும் மனு. மூன்று நாள் சம்பளத்துக்கு ரிட் போடுவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற மாதிரி, அதனால் உங்களுக்கும் இலவச சட்ட உதவிதான் வழி. கேரளத்தில் இதற்கென்றே உச்ச நீதிமன்றம் 2016-இல் நீதிபதி சிரி ஜெகன் தலைமையில் ஒரு குழு அமைத்தது, கடிபட்டவர்கள் நேராக அங்கே மனுக் கொடுத்தார்கள்.

டெலிவரி தம்பி:

ஊசி முடிந்தது அண்ணா. எங்கள் ஊர்ப் பக்கம் தெரு நாய் கடித்துச் செத்த ஆட்டுக்கு 6,000, மாட்டுக்கு 37,500 என்று அரசு அறிவித்தது. நான் ஆடாகப் பிறந்திருக்கலாம்.

மேல்மாடி மகள்:

நன்றி சொல்லத்தான் வந்தேன், மூன்று வாரம் ஆகிவிட்டது. அன்றைக்கே அரசு மருத்துவமனையில் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் போட்டார்கள், ஏ.ஆர். பதிவும் ஆனது. வார்டு அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. டாக்டர் கிளினிக் சீட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

புகாரில் பையன் பெயரை எழுதவில்லை என்று காட்டிய பிறகுதான் அம்மா ஸ்டேஷனுக்கு வரச் சம்மதித்தார். சி.எஸ்.ஆர். வாங்கினோம். நாய்க்காரரைக் கூப்பிட்டார்கள். வந்ததும் "இவர்கள் நாயைச் சீண்டினார்கள்" என்றார். பேப்பர் தம்பி பற்றிய ஸ்கிரீன்ஷாட்டையும் சிசிடிவியையும் காட்டினேன். அப்புறம் உரிமம் எங்கே என்று அங்கிருந்த எஸ்.ஐ. கேட்டார், அதோடு பேச்சே மாறிவிட்டது. உரிமமும் இல்லை, போன வருடத் தடுப்பூசியும் போடவில்லை.

முடிவில் 31,000 ரூபாய். இதில் கூலி மட்டும் அம்மாவின் நோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டது. பாதி வங்கியில் வந்துவிட்டது, மீதி அடுத்த மாதம் 5-ஆம் தேதி. வராவிட்டால் புகாரைத் தொடரும் உரிமை எங்களுக்கு உண்டு என்று எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டோம், இந்த முறை தாளை நாங்கள் எழுதினோம். குறைவாக ஒத்துக்கொண்டோமோ என்று இருக்கிறது, ஆனால் அம்மாவுக்கு இதுவே போதும். நாய்க்கு உரிமம் எடுத்துவிட்டார், இப்போது அவரே வாய்மூடி போட்டுக் கூட்டிக்கொண்டு போகிறார். அம்மா இன்னும் படியில் இறங்கும்போது இரண்டாவது மாடியில் ஒரு நிமிடம் நின்று கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார். மெஷினை இடது காலால் மிதித்துப் பழகுகிறார். கடைசி ஊசி வரும் வியாழக்கிழமை.

கோர்ட் வாசல்:

மீதிப் பணம் வரும்வரை சி.எஸ்.ஆர். ரசீதின் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். "அசோசியேஷன் ஃபைலுக்கு வேண்டும்" என்று செயலாளர் கேட்டாலும் நகல்தான்.

வார்டு அக்கா:

வியாழக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள் மா, பதினொரு மணிக்கு மேல் வரிசை நீளும். பழைய சீட்டை மறக்காதீர்கள்.